சாரா பர்க்: ஒலிம்பிக் கதவைத் திறந்த வீராங்கனையின் ஆஸ்பத்திரி பில்லை ரசிகர்கள் கட்டியது ஏன்?

யூ வடிவத்தில் வெட்டிய பனிப் பள்ளம். இரண்டு பக்கச் சுவரும் சுமார் 22 அடி, அதாவது இரண்டு மாடி உயரம். பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஒரு சுவரில் ஏறி, அந்தரத்தில் சுழன்று இறங்கி, எதிர்ச் சுவருக்குப் போகணும். இதுதான் ஸ்கீ ஹாஃப்பைப். 2014-க்கு முன் ஒலிம்பிக்கில் இது கிடையாது. இன்று இருப்பதற்கு முக்கியக் காரணம், கனடாவின் சாரா பர்க்.

1982-ல் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர். டீன் ஏஜில் இந்த விளையாட்டுக்கு வந்தபோது பெண்களுக்கான போட்டிகளே அரிது. அப்போ என்ன செய்தார்? பையன்களோடு மோதினார். கூடவே, எக்ஸ் கேம்ஸில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களை விடாமல் நச்சரித்தார். 2005-ல் அது நடந்தது. அதே வருஷம் உலக சாம்பியனும் ஆனார். பிறகு 2007, 2008, 2009, 2011 என எக்ஸ் கேம்ஸ் ஹாஃப்பைப்பில் நான்கு தங்கம்.

போட்டியில் 1080 அடித்த முதல் பெண்ணும் இவரே. 1080 டிகிரி என்றால் அந்தரத்தில் மூன்று முழுச் சுற்று. கீழே இருப்பது கல் மாதிரி இறுகிய பனி என்பதையும் சேர்த்து யோசிக்கணும். 2009-ல் முதுகெலும்பு முறிந்தும் திரும்பி வந்தார்.

அடுத்த இலக்கு ஒலிம்பிக். அவரும் சக வீரர்களும் தொடர்ந்து குரல் கொடுத்ததில், 2011 ஏப்ரலில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி சம்மதித்தது. 2014 சோச்சியில் தங்கம் வெல்ல வாய்ப்புள்ளவர்களில் முதலில் அடிபட்டது சாராவின் பெயர்தான்.

2012 ஜனவரி 10, அமெரிக்காவின் பார்க் சிட்டி. பயிற்சியின்போது விழுந்தார். பார்ப்பதற்குப் பெரிய விபத்தாகவே தெரியவில்லை. ஹெல்மெட்டும் போட்டிருந்தார். ஆனால் கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது. ஒன்பதாவது நாள், ஜனவரி 19-ல் இறந்தார். வயது 29. உடலுறுப்புகள் தானமாகத் தரப்பட்டன.

அதன் பிறகுதான் பலரும் எதிர்பார்க்காத விஷயம் வெளியே வந்தது. கனடாவில் என்றால் சிகிச்சைச் செலவை அரசு பார்த்துக்கொள்ளும். விழுந்ததோ அமெரிக்காவில். அதுவும் ஸ்பான்சர் நிறுவனம் ஏற்பாடு செய்த பயிற்சி என்பதால் கனடா விளையாட்டுச் சங்கத்தின் இன்சூரன்ஸ் செல்லாது. உலக சாம்பியனின் குடும்பத்தின் தலையில் சுமார் 2 லட்சம் டாலர் பில்!

ஆன்லைனில் நிதி திரட்டல் தொடங்கியது. முகம் தெரியாத ரசிகர்கள் கொஞ்ச நாளிலேயே 3 லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள். அவர் பெயரில் உருவான அறக்கட்டளை இளம் வீரர்களுக்கு உதவித்தொகை தருகிறது.

சோச்சியில் ஹெல்மெட்டில் சாரா நினைவு ஸ்டிக்கர் ஒட்ட வீராங்கனைகளுக்கு ஒலிம்பிக் கமிட்டி அனுமதி தரவில்லை. 2014 பிப்ரவரி 20-ல், பெண்கள் ஹாஃப்பைப்பின் முதல் ஒலிம்பிக் தங்கம் அமெரிக்காவின் மேடி போமனுக்குப் போனது. அன்றைக்குப் பனித் தளத்தைச் சீர்செய்யும் பணியாளர்கள், இதய வடிவில் அணிவகுத்து அந்தப் பள்ளத்தில் சறுக்கி இறங்கினார்கள். அதற்கு ஸ்டிக்கர் தேவைப்படவில்லை.