ராபர்ட் ரெக்கார்டு

ராபர்ட் ரெக்கார்டு (ஏறத்தாழ 1512 – 1558) வேல்சைச் சேர்ந்த மருத்துவரும் கணிதவியலாளரும் ஆவார். இன்று உலகெங்கும் வழங்கும் சமக்குறியை (=) 1557ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியவர் இவரே. கூட்டல், கழித்தல் குறிகளை (+, −) ஆங்கில வாசகரிடையே பரப்பியதிலும் இவருக்குப் பங்குண்டு. ஆயினும் அவ்விரு குறிகளும் 1489இலேயே யோகான் விட்மன் என்பவரின் செருமானிய நூலில் அச்சேறியிருந்தன.

வாழ்க்கை

ரெக்கார்டு டென்பி என்னும் கடற்கரை நகரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்று, 1545இல் கேம்பிரிட்ஜில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1549இல் பிரிஸ்டல் நாணயச் சாலையின் பொறுப்பு இவரிடம் வந்தது. அவ்வாண்டு கிளர்ச்சியை அடக்கச் சென்ற வில்லியம் ஹெர்பர்ட் தம் படைக்காக அங்கிருந்து பணம் கோரினார். அரசாணையின்றித் தர இயலாது என ரெக்கார்டு மறுத்தார். இதனால் இராசத்துரோகக் குற்றச்சாட்டுக்கு உள்ளாகி அறுபது நாட்கள் காவலில் வைக்கப்பட்டார். ஹெர்பர்ட் பின்னர் பெம்புரோக் பிரபு ஆனார், பகையும் தொடர்ந்தது. 1551இல் ரெக்கார்டு அயர்லாந்தின் வெக்ஸ்போர்டு வெள்ளிச் சுரங்கங்களை மேற்பார்வையிட அனுப்பப்பட்டார். அம்முயற்சி இலாபம் தராமல் 1553இல் கைவிடப்பட்டது.

நூல்கள்

அறிஞர்கள் இலத்தீனில் எழுதிய அக்காலத்தில் இவர் ஆங்கிலத்தில், பெரும்பாலும் ஆசிரியர் – மாணவர் உரையாடலாக எழுதினார். 'த கிரவுண்ட் ஆஃப் ஆர்ட்ஸ்' (1543) என்னும் எண்கணித நூல் 1699 வரை மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டது. வடிவியலுக்கும் (1551) வானியலுக்கும் (1556) தனி நூல்கள் உண்டு.

சமக்குறி

'த வெட்ஸ்டோன் ஆஃப் விட்' (1557) இயற்கணிதத்தைக் கூறும் நூல். அதுவரை சமம் என்பதைச் சொல்லாலோ அதன் சுருக்கத்தாலோ எழுதினர். ஒவ்வொரு சமன்பாட்டிலும் அச்சொல்லைத் திரும்ப எழுதும் சலிப்பைத் தவிர்க்க, ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளை ரெக்கார்டு இட்டார். அவற்றைவிட ஒன்றுக்கொன்று சமமான வேறு இரு பொருள்கள் இரா என்பது அவர் தந்த காரணம். அவர் வரைந்த கோடுகள் இன்றையவற்றைவிட மிக நீண்டவை. நூலில் அக்குறியுடன் வரும் முதல் சமன்பாடு, இன்றைய முறையில், 14x + 15 = 71 ஆகும் (x = 4). எட்டாம் அடுக்கைக் குறிக்க அதே நூலில் உள்ள 'சென்சிசென்சிசென்சிக்' என்னும் சொல் நிலைக்காமற் போனதில் வியப்பில்லை.

சமக்குறியும் உடனே ஏற்கப்படவில்லை. அறுபது ஆண்டுகள் அச்சில் அது தென்படவில்லை. 1618இல் மீண்டும் தோன்றியது. வியேட் இதே குறியை இரு எண்களின் வேறுபாட்டுக்குப் பயன்படுத்தினார். டேக்கார்ட் 1637இல் சமத்துக்கு வேறொரு குறியைக் கையாண்டார். நியூட்டனும் லைப்னிட்சும் ரெக்கார்டின் குறியை ஏற்ற பின்னரே அது நிலைபெற்றது.

சிறையும் இறப்பும்

1556இல் பெம்புரோக் பிரபு மீது முறைகேட்டுக் குற்றம் சாட்டிய ரெக்கார்டு, அவதூறு வழக்கில் தோற்றார். 1557 பெப்ரவரியில் 1000 பவுண்டு இழப்பீடு விதிக்கப்பட்டது. அவ்வாண்டு வெளிவந்த இயற்கணித நூலின் முடிவில் தூதுவன் ஒருவன் கதவைத் தட்டுகிறான். ஆசிரியர் பாடத்தைப் பாதியில் நிறுத்துகிறார். ரெக்கார்டு 1558இல் இலண்டன் சவுத்துவார்க்கிலிருந்த கிங்ஸ் பெஞ்ச் சிறையில் இறந்தார். அரசு அவருக்குத் தர வேண்டியிருந்த தொகைக்கு ஈடாக, 1570இல் அவருடைய வாரிசுகளுக்கு நிலம் வழங்கப்பட்டது.