தேறாத மாணவர்

மணலியிலிருந்து பாரிமுனைக்குப் பேருந்தில் செல்வோர், சரக்குப் பெட்டி ஏற்றிய லாரிகளின் வரிசைக்குப் பின்னால் காத்திருந்து காத்திருந்துதான் துறைமுகத்தைக் கடக்க வேண்டும். அந்தத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில், 1912 மார்ச் முதல் நாள், மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் ஓர் எழுத்தர் சேர்ந்தார். வயது இருபத்து நான்கு. பட்டம் இல்லை. பட்டத்திற்கு முற்பட்ட எஃப்.ஏ. தேர்விலும் தேறாதவர். அவர்தாம் சீனிவாச இராமானுசன்.

1887-இல் ஈரோட்டில் பிறந்து குடந்தையில் வளர்ந்த அவர் கைக்கு, 1903-இல் கார் என்பார் தொகுத்த கணித நூலொன்று கிட்டியது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், விளக்கம் மிகக் குறைவு. தமிழ் பயின்ற நமக்கு இது புரியாததன்று. உரையில்லாத நூற்பாக்களை ஒருவன் கையில் கொடுத்தது போன்றது அது. இளைஞர் சிலேட்டும் பலப்பமுமாக அமர்ந்து ஒவ்வொன்றிற்கும் தாமே உரை கண்டார். பின் தாமே நூற்பா இயற்றவும் தொடங்கினார். கல்லூரிப் பாடத்தைத் தாண்டிய கணிதம் அவருக்குள் இவ்வாறே புகுந்தது.

விலை பெரிது. 1904-இல் உதவித்தொகையுடன் குடந்தை அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறி, அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. 1906-இலும் 1907-இலும் மீண்டும் தோல்வி. உடலியல் பாடம் அவருக்கு எட்டிக்காய். தேர்வுத்தாள் திருத்தும் தொழிலில் இருப்பவள் என்பதால், அத்தாள்களைத் திருத்தியவர்கள்மேல் எனக்குச் சினம் வருவதில்லை. அவர்கள் விடைக்கு மதிப்பெண் இட்டார்கள். விடையில்லாத இடத்தில் வேறென்ன இடுவது? நானும் அப்படித்தான் இட்டிருப்பேன். அந்த எண்ணமே என்னை உறுத்துகிறது.

துறைமுகத்தில் அவருக்கு மேலாளராக வாய்த்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். மாலைகளில் இருவரும் சிலேட்டுகளோடு அமர்வார்கள். இடைப்படிகளைத் தாவிச் செல்லும் இளைஞரைத் தடுத்து, பிறர்க்கும் விளங்குமாறு எழுதும்படி அவர் வற்புறுத்தினார். தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார். 1913 சனவரியில், எழுத்தர் என்றே தம்மை அறிமுகம் செய்துகொண்டு, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு மடல் விடுத்தார். அதே ஆண்டு, எஃப்.ஏ. தேறாதவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. விதி வளைந்தது, வளைக்க மனிதர்கள் இருந்தார்கள்.

1914 மார்ச்சில் கப்பலேறினார். இளங்கலைப் பட்டம் 1916-இல், கேம்பிரிட்ஜில், ஆய்வுக்காகக் கிடைத்தது. தன்னினும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றியது அவ்வாய்வு. 12-ஐ எண்ணிப் பாருங்கள்: 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள். அதனினும் சிறிய எண் எதற்கும் நான்குக்கு மேல் இல்லை. 1918-இல் இராயல் கழக உறுப்பினரானார். 1919-இல் நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் மறைந்தார். முப்பத்து மூன்று நிறையவில்லை.

நோய்ப் படுக்கையில் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் நூலகமொன்றில் கிடந்து, 1976-இல் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. முந்திய குறிப்பேடுகளுக்கு அமெரிக்கரான புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளில் நிறுவல்கள் எழுதினார். நம் மரபில் அவரை உரையாசிரியர் என்போம். இராயபுரத்தில் பி.கே. சீனிவாசன் என்னும் கணித ஆசிரியரின் முயற்சியால் 1993-இல் இராமானுசனுக்கு அருங்காட்சியகம் அமைந்தது. பாடங்களில் தவறிய மாணவியர் சிலரை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றேன். குறிப்பேட்டின் படியெடுப்பைப் பார்த்த ஒருத்தி, இவ்வளவும் எழுதியவர் எந்தப் பாடத்தில் தவறினார் என்று கேட்டாள். கணிதம் தவிர மற்றவற்றில் என்றேன். அவள் மீண்டும் அந்தக் கையெழுத்தைக் குனிந்து பார்த்தாள்.