காழிப் பிள்ளையாரின் யாழ்த்துணை

சீகாழிப் பதியின் பெருமையைப் பேசப் புகுவோர் திருஞானசம்பந்தப் பெருமானையே முதற்கண் நினைப்பர். அப்பெருமானுக்கு இறுதிவரை துணை நின்ற திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனாரை நினைப்போர் சிலரே. பிறர்க்குத் துணையாதல் இன்னதென்று அறிய அவர் வரலாறே போதும்.

நாயனார் நடுநாட்டு எருக்கத்தம்புலியூரில் பாணர் குலத்தில் தோன்றியவர். அவ்வூர் இந்நாளில் இராசேந்திரப்பட்டினம் என வழங்குகிறது. மதுரைத் திருக்கோயிலில் அவர் இசைத்தபொழுது, நிலத்தின் குளிர்ச்சியால் நரம்பின் கட்டுத் தளராதிருக்கப் பொற்பலகை இடுமாறு ஆலவாய் அண்ணல் அருளினார் என்பர் சேக்கிழார். இத்துணைச் சிறப்புற்றவர், தம் துணைவியார் மதங்கசூளாமணியாருடன் சீகாழி போந்து, சின்னஞ்சிறு பிள்ளையாரை வணங்கி, அவர்தம் பதிகங்களை யாழில் இட்டு உடன்செல்லும் பேற்றினை வேண்டிப் பெற்றார். இது நிகழ்ந்தது 7ஆம் நூற்றாண்டில்.

அத்துணை ஒருவழிப்பட்டதன்று. திருச்சாத்தமங்கையில் அந்தணராகிய திருநீலநக்கர் மனையில் பிள்ளையார் தங்கியபோது, பாணர்க்கும் இடம் அளிக்க வேண்டினார். நீலநக்கர் வேள்வி வேதிகையின் அருகிலேயே இடம் அளித்தார். அவ்வேதித் தீ வலஞ்சுழித்து ஓங்கியது. குலவேற்றுமையை இறைவன் கருதாமை அங்கே விளங்கிற்று.

காரைக்காலை அடுத்த திருத்தருமபுரம் பாணருடைய தாயார் பிறந்த ஊர். ஆங்கிருந்த சுற்றத்தார், இவர் யாழாலேயே பதிகத்தின் இசை உலகில் பரவுகின்றது என்று புகழ்ந்தனர். வேறொருவராயின் உள்ளம் மகிழ்ந்திருப்பர், நாயனாரோ நடுங்கினார். யாழில் அடங்காததொரு பதிகம் பாடியருளுமாறு தாமே வேண்டினார். பிள்ளையார் பாடினார், யாழ் தோற்றது. கருவியை உடைக்க ஓங்கிய கையைப் பிள்ளையார் தடுத்து, யாழை வாங்கி மீண்டும் அவரிடமே அளித்து, இயன்ற அளவில் இசைக்கப் பணித்தார். அப்பணியை நாயனார் கைவிடவில்லை; நல்லூர்ப் பெருமணத்துத் திருமணத்தில் பிள்ளையாருடன் சோதியிற் கலக்கும்வரை உடனிருந்தார்.

துணைநிற்பார்க்கு இரண்டு இடர்கள் உண்டு: தம்மாலேயே எல்லாம் நடந்தது என்னும் செருக்கு ஒன்று; தம்மால் முழுதும் இயலவில்லையே என்னும் சோர்வு மற்றொன்று. முன்னதை நாயனார் தாமே விலக்கினார். பின்னதைப் பிள்ளையார் விலக்கினார்.

பிற்காலத்தில் திருமுறைகள் கிடைத்தும் பண்முறை அறியாது மயங்கிய காலை, எருக்கத்தம்புலியூரில் பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியே அதனை வகுத்துத் தந்தார் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். தம்மை மறைத்துக்கொண்டு செய்த துணை, தலைமுறை கடந்தும் பயன் தந்தது.

குடமுழுக்குத் திருப்பணிக்குப் பொருளும் உழைப்பும் ஈந்த அன்பர் பலரின் பெயர் கல்லில் இருக்கும். பலரின் பெயர் இராது. இருவகையினரும் நாயனார் நின்ற நெறியில் நின்றவரே. அவர்க்குத் தோணியப்பர் திருவருள் என்றும் துணையாகுக!