சாய்ந்த மேசையும் உருண்ட ஆலிவ் காய்களும்

(மூன்றாமாண்டு, இயற்பியல்)

சென்ற ஆண்டு நம் கல்லூரி நாள் விழாவில் எங்கள் துறை மாணவர்கள் நடத்திய ஓரங்க நாடகம் நினைவிருக்கிறதா? நான்தான் அதில் வைத்தியராக வந்தேன். அரங்கம் அதிரச் சிரித்தது. பேராசிரியர்கள் கூடச் சிரித்தார்கள். நண்பன் ஒருவன் முழு நாடகத்தையும் தன் கைபேசியில் பதிவு செய்தான். பத்து நாள் கழித்துக் கேட்டபோது, இடம் போதவில்லை என்று அழித்துவிட்டதாகச் சொன்னான். அந்த இடத்தில் அவனுடைய அக்காளின் திருமணக் காட்சிகள் ஏறிவிட்டன. கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, ஆறவும் முடியவில்லை. அந்த மனநிலையில் இருந்தபோதுதான் எர்னி கோவாக்ஸ் என்ற அமெரிக்கக் கலைஞரின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது. தொலைக்காட்சி தவழத் தொடங்கிய நாட்களில், எழுத்தாளராகவும் நடிகராகவும் நின்று அதைச் சிரிக்கப் பழக்கியவர் அவர். 1962இல் மறைந்த அவரைப் பற்றி இம்மலரில் எழுத வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

கோவாக்ஸ் 1919ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் நகரில் பிறந்தார். பெற்றோர் ஹங்கேரியிலிருந்து குடியேறியவர்கள். தந்தை காவலராக இருந்தவர். மதுவிலக்குக் காலத்தில் கள்ளச் சாராய வியாபாரத்தில் இறங்கிப் பெரும்பணம் சேர்த்தவரும் அவரே. குடும்பம் மாளிகையில் வாழ்ந்தது. பின்னர் அந்தச் செல்வமும் கரைந்தது. காசு வரும், போகும் என்பதை மகன் சிறுவயதிலேயே கண்டான். ஆனால் அதைச் சேர்த்து வைக்கக் கற்றானா என்றால் இல்லை. அந்தக் கதைக்குப் பின்னர் வருகிறேன்.

நடிப்புக் கலை பயில நியூயார்க் சென்ற அவரை 1939இல் நுரையீரல் நோய் வீழ்த்தியது. பிழைக்கமாட்டார் என்றே மருத்துவர்கள் எண்ணினர். ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக மருத்துவமனைப் படுக்கை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரையும் மருந்து கொடுக்க வரும் செவிலியரையும் சிரிக்க வைப்பதே அங்கே அவருக்குத் தொழிலாயிற்று. மற்ற நேரமெல்லாம் வானொலியில் மேலை நாட்டுச் செவ்வியல் இசையைக் கேட்டுக் கிடந்தார். பிற்காலத்தில் அவருடைய நகைச்சுவை பேச்சை விட்டு இசையைப் பற்றிக்கொண்டதற்கு வித்து அந்தக் கட்டிலில்தான் விழுந்தது என்பது என் துணிபு.

1941இல் டிரென்டன் வானொலி நிலையத்தில் அறிவிப்பாளரானார். புகைவண்டி மோதவரும்போது மனிதன் என்ன உணர்கிறான் என்பதை நேயர்களுக்கு விளக்கத் தண்டவாளத்தில் ஒலிவாங்கியோடு காத்திருந்து, கடைசி நொடியில் எழுந்து ஓடியவர் இவர்! உள்ளூர் நாளிதழில் பத்தியும் எழுதினார்.

1950இல் பிலடெல்பியா தொலைக்காட்சி நிலையத்தில் தேர்வுக்குச் சென்றபோது பீப்பாய் ஒன்றையும் அரைக்காற்சட்டையையுமே உடுத்திச் சென்றாராம். வேலை கிடைத்தது. அங்கே சமையல் நிகழ்ச்சி ஒன்றும் தந்தார்கள். அதில் தம் பெயரையே திருப்பிப் போட்டு, ஸ்காவோக் முட்டை என்றொரு பதார்த்தத்தைச் செய்து காட்டினார். அவ்வாண்டு நவம்பரில் காலை நேர நிகழ்ச்சியை ஒப்படைத்தனர். காலையில் எழுந்ததும் யார் தொலைக்காட்சி பார்ப்பார்கள் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. மக்கள் பார்த்தார்கள். காலை நேரத்திற்கும் மக்கள் உண்டு என்பது விளங்கவே, என்.பி.சி. நிறுவனம் 1952இல் நாடு முழுமைக்கும் ஒரு காலை நிகழ்ச்சியைத் தொடங்கியது. அந்த நிகழ்ச்சிக்கு இடம்விட, கோவாக்சின் நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது! பாதை போட்டவனையே பாதையை விட்டு இறக்கிய கதை இது.

அந்நாட்களில் அவர் மனம் நொந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. முதல் திருமணம் முறிந்தது. பெண் குழந்தைகள் இருவரையும் தந்தையிடமே வளர விட்டது நீதிமன்றம். அக்காலத்தில் இது அரிது. ஆனால் 1953இல் தாய் அவர்களைக் கொண்டுபோய்விட்டார். ஏறத்தாழ ஈராண்டுக் காலம், கையிலிருந்த பணத்தையெல்லாம் கொட்டித் துப்பறிவோரை வைத்துத் தேடி, 1955இல் ஃபுளோரிடாவில் அவர்களைக் கண்டுபிடித்தார். அந்த இரண்டாண்டும் திரையில் அவர் கோமாளித்தனம் செய்துகொண்டுதான் இருந்தார். அவருடைய பழைய காட்சிகளை இப்போது பார்க்கும்போது, இந்த வேடிக்கை எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று என் கண் தேடுகிறது. இதற்கிடையில் 1954இல் தம்மோடு நடித்த பாடகி ஈடி ஆடம்சை மணந்துகொண்டார்.

அவர் படைத்த பாத்திரங்கள் பல. தடித்த கண்ணாடி அணிந்து கவிதை படிக்கும் பெர்சி டவ்டான்சில்ஸ் ஒருவர். மனிதக் குரங்கு முகமூடியும் தொப்பியும் மேலங்கியுமாக மூவர் பொம்மைகள் போல் இசைக்கும் நைரோபி மூவர் குழு இன்னொன்று. அந்த மூவரில் ஒருவர் தாளத்தோடு தாளமாக நடத்துநரின் தலையில் அடிப்பார். அடிபட்டவர் மெல்லத் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான் செய்தி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஏன் என்று விளக்கத் தெரியவில்லை.

ஆனால் இயற்பியல் மாணவனாகிய என்னை ஆட்கொண்டது வேறொன்று. 1957 சனவரி 19ஆம் நாள். ஜெர்ரி லூயிசுக்கு என்.பி.சி. ஒன்றரை மணி நேரம் ஒதுக்க, அவர் ஒரு மணி போதும் என்றுவிட்டார். மிஞ்சிய அரைமணியை யாருக்காவது கொடுக்க வேண்டும், கோவாக்சுக்குக் கொடுத்தார்கள். உரையாடலே இல்லாமல் அந்த அரைமணியை நடத்தினார். அதில் யூஜின் என்னும் அப்பாவி மேசை முன் அமர்ந்து மதிய உணவுப் பெட்டியைத் திறக்கிறான். எடுத்து வைத்த ஆலிவ் காய்கள் சமமாகத் தெரியும் மேசையில் தாமே உருண்டு, மறுகோடியில் நாளிதழ் படிப்பவர் மடியில் விழுகின்றன. குடுவையிலிருந்து பாலைச் சாய்த்தால் அது நேரே கீழே விழாமல் கோணலாகப் போகிறது!

மாயம் ஒன்றுமில்லை. மேசை, நாற்காலி, சுவர் எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் சாய்த்துக் கட்டினார்கள்; ஒளிப்பதிவுக் கருவியையும் அதே கோணத்தில் சாய்த்தார்கள். பார்ப்பவர் கண்ணுக்குச் சாய்வு மறைந்துவிட்டது. புவியீர்ப்பை மட்டும் யாராலும் சாய்க்க இயலாது. காயும் பாலும் உண்மையான கீழ்த்திசையைத் தேடிப் போயின. நாம் பக்கம் பக்கமாகப் படிக்கும் சாய்தளப் பாடத்தை ஒருவர் கைப்பிடி ஆலிவ் காயில் நடத்திவிட்டார்.

திரைப்படங்களிலும் நடித்தார், 1959இல் வந்த ஹவானா ஒற்றர் கதையில் காவல் அதிகாரி வேடம் பேர் பெற்றது. என்றாலும் அவருடைய வீடு தொலைக்காட்சிதான். 1961இல் ஏ.பி.சி. நிறுவனத்திற்காகச் சுருட்டு நிறுவனம் ஒன்றின் ஆதரவில் அவர் செய்த அரைமணி நிகழ்ச்சிகளில், அலுவலகத்து மேசை இழுப்பறைகளும் ஒடியும் செலரித் தண்டும் இசைக்கேற்ப ஒலி எழுப்பும். அரங்கில் மக்களை அமர்த்திச் சிரிக்க வைப்பதை அவர் விரும்பவில்லை. வீட்டில் தனியே இருப்பவன் தானாகச் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இனி அந்தப் பணக்கதை. சம்பாதித்ததைச் சீட்டாட்டத்தில் விட்டார். வரி கட்டுவதை வெறுத்தார், கட்டவுமில்லை. பாக்கி பல இலட்சம் டாலராயிற்று. அதைத் தீர்க்க அகப்பட்ட வேலையெல்லாம் ஒப்புக்கொண்டு இரவு பகலாக உழைத்தார். 1962 சனவரி 13ஆம் நாள் அதிகாலை, லாஸ் ஏஞ்சலிசில் ஒரு விருந்திலிருந்து மழையில் திரும்பும்போது கார் கம்பத்தில் மோதி இறந்தார். நாற்பத்து மூன்றாம் பிறந்த நாளுக்குப் பத்து நாளே இருந்தது. மின்னணு ஒளிப்பதிவுக்கான எம்மி விருது அவ்வாண்டே வந்தது. வாங்க அவர் இல்லை.

ஈடி ஆடம்சுக்குக் கடனே மிஞ்சியது. நண்பர்களான நட்சத்திரங்கள் நிதி திரட்டித் தர முன்வந்தும் மறுத்துவிட்டார். தாமே பாடியும் விளம்பரங்களில் தோன்றியும் கடனை அடைத்தார். அந்த நிலையில்தான் இன்னொரு செய்தி அவர் காதுக்கு எட்டியது. வீடியோ நாடா அக்காலத்தில் விலை மிகுந்த பொருள். கோவாக்சின் நாடாக்களை அழித்து, அவற்றின்மேல் வேறு நிகழ்ச்சிகளைப் பதியத் தொடங்கியிருந்தன நிலையங்கள். என் நண்பன் செய்த அதே காரியம்! ஈடி ஆடம்ஸ் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. கடன்காரர் வாசலில் நிற்க, எஞ்சிய நாடாக்களைக் காசு கொடுத்து வாங்கிப் பாதுகாத்தார். 1996இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் விசாரணையில், டூமான்ட் நிறுவனத்தின் பழைய படச்சுருள்கள் நியூயார்க் விரிகுடாவில் கொட்டப்பட்டன என்று சாட்சி சொன்னவரும் அவரே. 2008இல் மறைந்தார். நான் கண்ட யூஜினும் குரங்கு மூவரும் அவர் காத்து வைத்தவை.

சென்ற மாதம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் மேசையின் இரு கால்களுக்குக் கீழே தடித்த புத்தகங்களை வைத்து, கைபேசியையும் அதே அளவு சாய்த்து நிறுத்தி, கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தோம். பின்னால் இருந்த சன்னல் காட்டிக்கொடுத்துவிட்டது. வெள்ளை வேட்டியைக் கட்டித் திரையிட்ட பிறகு சரியாக வந்தது. எட்டிப் பார்த்த பேராசிரியர் நாங்கள் வீண்பொழுது போக்குகிறோம் என்று திட்டப் போகிறார் என நடுங்கினோம். அவர் கோணம் எத்தனை பாகை என்று கேட்டார். அளக்கவில்லை. அளந்து மீண்டும் செய்யச் சொல்லிவிட்டுப் போனார். படம் பிடித்த நண்பன் அதே நண்பன்தான். இம்முறை பதிவை என் முன்னாலேயே மூன்று பேருக்கு அனுப்ப வைத்தேன்.