வலி தணித்த சிசிலி

கொச்சியின் ஜூ டவுன், புகலிடம் தேடி வந்த யூதர்கள் வாழ்ந்த இடம். அவ்வாறே போலந்திலிருந்து இலண்டனுக்கு வந்த டேவிட் டாஸ்மா என்னும் யூதர், 1948இல் புற்றுநோயால் இறந்தார். இறுதி நாள்களில் அவருக்கு ஆறுதலாக இருந்தவர் சிசிலி சாண்டர்ஸ் (1918–2005). தீரா நோயாளருக்கென அவர் அமைக்க விரும்பிய இல்லத்திற்கு டாஸ்மா 500 பவுண்டு விட்டுச் சென்றார்.

செவிலியராகப் பயின்ற சிசிலி, முதுகு நோயால் அப்பணியை விட்டார், 1957இல் மருத்துவரானார். வலி முற்றிய பின்னரே மருந்து தருவது அக்கால வழக்கம். வலி மீளும் முன்பே, குறித்த நேரத்தில் மருந்தளிக்கும் முறையை அவர் பரப்பினார். 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கி, அம்முறையைச் செவிலியருக்குப் பயிற்றுவித்தார். நோயாளரின் மனத்துயரையும் கேட்டறியக் கற்பித்தார். இன்று கேரளத்தில் நோயாளரின் வீடு தேடிச் செல்லும் செவிலியரின் பணியிலும் அந்நெறி வாழ்கிறது.