இசையைத் துருவிய விஞ்ஞானி

சர். சி. வி. ராமன் என்றதும் ஒளியும் நோபல் பரிசும் நம் நினைவுக்கு வருகின்றன. அம்மேதையை நான் இங்கே இசைக்கருவிகளின் பக்கம் நின்று காண விழைகிறேன். காரணம் உண்டு. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் தங்கி முதுநிலை விஞ்ஞானம் பயிலும் நான், ஓய்வு வேளையில் மின்கிட்டாருக்கு ஒரு பெடல் பலகை அமைத்து வருகிறேன். படிக்கப் போன இடத்தில் இது எதற்கு என்று கேட்கிறார் அப்பா. கடன் வாங்கிப் படிக்க வைப்பவர் கேட்பது நியாயமே. அக்கேள்வியோடுதான் ராமனின் வாழ்வைப் படித்தேன்.

1888 நவம்பர் 7-இல், திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார் அவர். தந்தை சந்திரசேகர ஐயர் பௌதிக ஆசிரியர்; வயலினும் வாசிப்பார். பின்னர் மணந்த லோகசுந்தரி அம்மையாரோ வீணை மீட்டுபவர். 1907-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. தேறினார், அவ்வாண்டே நிதித்துறை உத்தியோகம் அவரைக் கல்கத்தாவுக்கு இழுத்துச் சென்றது. நம்மைப் போலவே பிழைப்புக்கு ஊர் விட்டுப் போன இளைஞர்தான்!

அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் பரிசோதனைச் சாலையில் உழைத்தார். பத்தாண்டுகள் இரண்டையும் சுமந்த பின், 1917-இல், குறைந்த ஊதியத்தை ஏற்றுக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

சாதாரணத் தோல் வாத்தியத்தில் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையா. மிருதங்கத்தின் கரணை அவற்றை இசைய வைக்கிறது என்று 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து விளக்கினார். மறு ஆண்டு தம்புராவும் வீணையும். கம்பியை மீட்டும் இடத்தில் கணுவுடைய மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது ஐரோப்பிய அறிஞர் கண்ட விதி. இவற்றிலோ அவை தெளிவாக எழுகின்றன! வளைந்த குதிரைமேல் கம்பி தொட்டும் விலகியும் அதிர்வதே காரணம். தம்புராவில் ஜீவாளி நூல் அத்தொடுகையைச் செம்மைப்படுத்துகிறது.

என் பலகையின் ஓவர்டிரைவ் பெடலும் இல்லாத மேற்சுரங்களைப் படைப்பதுதான். பிக்கப்பிலிருந்து வரும் சிறு மின்னலையைப் பெருக்கி, அதன் முகடுகளை டயோடுகளால் நறுக்குகிறது. அடுத்து எதிரொலி தரும் டிலே. பிறகு மண்டப முழக்கம் தரும் ரிவர்ப். டிலேயை முன்னால் வைத்தால், சுரமும் எதிரொலியும் கலந்து நறுக்குப்பட்டு, வேண்டாத அதிர்வெண்கள் பிறந்து ஓசை குழம்பும். தம்புராவைப் பாருங்கள்! நான்கு கம்பிகளும் தனித்தனியே குதிரையில் ஜீவன் பெறுகின்றன; பின்னரே குடத்தில் கலக்கின்றன. படைப்பது முதலில், கலப்பது பிறகு. பலகையின் வரிசைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

1921-இல் கப்பற் பயணத்தில் கடலின் நீலத்தைக் கண்டு, அது ஏன் என்று ஆராயத் தொடங்கினார். அந்த ஆராய்ச்சி வளர்ந்து, 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவாகக் கனிந்தது. உட்புகுந்த ஒளியில் இல்லாத நிறம் சிதறிய ஒளியில் தோன்றியது! 1930-இல் நோபல் பரிசு. 1933-இல் பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு முதல் இந்திய இயக்குநராக வந்தார். 1948-இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் கண்டார். 1970 நவம்பர் 21-இல் இந்நகரிலேயே மறைந்தார்.

அப்பாவுக்கு என்ன எழுதுவது? பத்தாண்டுகள் கணக்குப் புத்தகத்தையும் அவர் கைவிடவில்லை, ஆராய்ச்சியையும் கைவிடவில்லை. பகலில் பாடம், மாலையில் பலகை என்று எழுதிவிட்டேன். தோழர்களே, உங்கள் வீட்டு மூலையிலும் ஒரு தம்புரா உறங்கலாம். உறையைக் கழற்றி, அதன் குதிரையை ஒருமுறை உற்று நோக்குங்கள்!