ஆற்றின் அடியில் ஓர் அரண்

சுரங்கம் தோண்டுவோர்க்கு ஆபத்து நாற்புறமும் உண்டு. மண் எப்போது சரியும், நீர் எப்போது புகும் என முன்னரே அறிதல் அரிது. துணிவு மட்டுமே அங்கு உயிரைக் காக்காது; தக்க கருவியும் முறையான பணியொழுங்கும் வேண்டும். இதனைச் செயலில் காட்டியவர் பொறியாளர் மார்க் இசம்பார்ட் புரூனல்.

புரூனல் 1769ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது தாயகம் நீங்கி அமெரிக்கா சென்ற அவர், 1799இல் இங்கிலாந்தை அடைந்தார். இலண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின் அடியில் வழி அமைக்க அங்குள்ளோர் செய்த முயற்சி, 1808இல் நீர் புகுந்தமையால் கைவிடப்பட்டது.

கப்பலின் மரத்தைத் துளைக்கும் ஒருவகைப் புழு, தலைப்புற ஓட்டின் துணையால் முன்னேறுகிறது. குடைந்த வழிக்குச் சுண்ணப் பூச்சும் இடுகிறது. அதனைக் கண்டே புரூனல் சுரங்கக் கேடயத்தை உருவாக்கினார் என்பர். 1818இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

தேம்ஸ் சுரங்கப் பணி 1825இல் தொடங்கியது. வார்ப்பிரும்புச் சட்டங்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்குகள். ஆக 36 அறைகள். அறைக்கு ஒரு தொழிலாளி நின்றார். எதிரே இருந்த மண்ணைப் பலகைகள் தாங்கின. ஒரு பலகையை அகற்றிச் சில அங்குல ஆழமே வெட்டி, அதனை முன்தள்ளிப் பொருத்திய பின்னரே அடுத்த பலகையைத் தொட வேண்டும். சட்டங்கள் நகர்ந்ததும் கொத்தனார்கள் பின்னால் செங்கற்சுவர் எழுப்பினர்.

ஆயினும் துன்பங்கள் தொடர்ந்தன. கழிவு கலந்த ஆற்றுநீர் கசிந்து தொழிலாளரை நோயுறச் செய்தது. நச்சுக்காற்றும் தீப்பற்றும் வாயுவும் அச்சுறுத்தின. பணி முடியுமுன்னரே, ஒரு ஷில்லிங் கட்டணம் பெற்றுப் பார்வையாளரை உள்ளே விட்டனர் நிறுவனத்தார். அவர்களுக்குத் தீங்கு நேருமோ எனப் புரூனல் கலங்கினார். 1827 மே மாதம் ஆறு உட்புகுந்தது. களிமண் மூட்டைகளால் பள்ளத்தை அடைத்துப் பணியைத் தொடர்ந்தனர். 1828 சனவரியில் மீண்டும் புகுந்த வெள்ளம் ஆறு பேரின் உயிரைப் பறித்தது. புரூனலின் மகன் இசம்பார்ட் அரிதின் உயிர் பிழைத்தார்.

நிதியின்றிப் பணி ஏழாண்டுகள் நின்றது. 1835இல் மீண்டும் தொடங்கியபோது, முன்னதைவிட வலிய கேடயம் ஒன்றைப் புரூனல் அமைத்தார். 1843 மார்ச் 25ஆம் நாள், ஏறத்தாழ 396 மீட்டர் நீளமுள்ள சுரங்கம் திறக்கப்பட்டது. 1849இல் புரூனல் மறைந்தார்.

அச்சுரங்கத்தில் இன்றும் இரயில்கள் ஓடுகின்றன. சென்னை மெட்ரோவிற்காக நிலத்தடியில் குடைந்த இயந்திரங்களும் அவரது கேடயக் கருத்தின் வழிவந்தவையே. மண்சரிவைத் தடுக்கக் கேடயம் உதவியது. நோயையும் நச்சுக்காற்றையும் அதனால் தடுக்க இயலவில்லை. எனவே, நல்ல காற்றும் மருத்துவ உதவியும் தப்பிக்கும் வழியும் கருவிக்கு இணையான காப்புகள் என உணர்தல் வேண்டும். ஒரு பலகை உறுதியாகப் பொருந்துமுன் அடுத்ததைத் தொடலாகாது என்ற பணியொழுங்கு, உழைப்போர் அனைவர்க்கும் பொருந்தும் பாடமாகும்.